அப்பாவுக்காகச் செய்த யூரோ பக்கம்

1

சென்ற வாரம் இங்கே ஒரு நிறுவனத்தில் வேலைக்கான நேர்காணலுக்குப் போயிருந்தேன். கல்யாணமாகிச் சென்னையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு ஜெர்மனிக்கு வந்து, மகள் பிறந்து, அவள் பாலர் பள்ளிக்குப் போகும் வரை வீட்டிலேயே இருந்துவிட்ட எனக்கு இதுதான் முதல் நேர்காணல். செய்த வேலை எதையாவது காட்டச் சொன்னார்கள். சென்னையில் மென்பொருள் வேலை பார்த்த காலத்தில் செய்ததெல்லாம் அந்தக் கம்பெனிக்குச் சொந்தம். எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. ஒரு யூரோவுக்கு இன்று எத்தனை ரூபாய் என்று காட்டும் வலைப்பக்கம். மடிக்கணினியைத் திருப்பி அவர்கள் பக்கம் வைத்தேன்.

எதிரே இருந்த பெண்மணி நிதானமாகப் பார்த்தார். நடுவில் பெரிய எழுத்தில் எண், பக்கத்தில் ஓர் அம்புக்குறி, கீழே கடந்த மாதத்தின் ஏற்ற இறக்கம். எளிமையாக இருக்கிறது என்றார். பிறகு வலது மூலையில் விரலை வைத்து, இந்தச் சின்னப் புள்ளி எதற்கு என்று கேட்டார்.

வேறு யாராவது அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தால் பச்சையாகவும், இல்லாவிட்டால் சாம்பல் நிறமாகவும் காட்டும் புள்ளி அது. பதில் அவ்வளவுதான். அதை ஜெர்மனில் சொல்லவும் எனக்குத் தெரியும். ஆனால் யாராவது என்ற சொல்லோடு நின்றுவிட்டேன். அவர் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். மொழி வராமல் தடுமாறுகிறேன் என்று நினைத்திருப்பார். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவரிடம் சொல்ல முடியாததை ஊரில் இருப்பவர்களுக்காவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதலாமா என்றும் தெரியவில்லை. அம்மா படித்தால் வருத்தப்படுவாள்.

2

எங்கள் ஊர் திருமயம். அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கத்தாமலே பின் சீட்டு வரைக்கும் கேட்கிற குரல் அவருக்கு. என் கணவரும் நானும் ஊரில் ஒரு வீடு கட்ட ஆரம்பித்தபோது, கூட நின்று வேலை வாங்கியது அவர்தான். மாதத்துக்கு ஒரு தடவை இங்கிருந்து பணம் அனுப்புவோம். அதில் ஆரம்பித்தது அந்தக் காலை நேரத்து போன்.

எங்களுக்கு இங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். அங்கே அப்பா பேப்பர் படித்து முடித்து, மேஸ்திரியோடு ஒரு சுற்று வாதாடிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் நேரம்.

“என்ன ஆத்தா, இன்னைக்கு எம்புட்டு?”

மகளை ஆத்தா என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து அப்பாக்களின் வழக்கம். நான் ஒரு கையில் தோசைக் கரண்டியும், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனுமாக எண்ணைச் சொல்வேன். ஏறியிருக்கா எறங்கியிருக்கா என்பார். அதையும் சொல்வேன். பிறகு ஒரு சின்ன இடைவெளி விடுவார். அந்த இடைவெளியில் நான் அவசரப்படாமல் இருந்தால் இன்னும் ஒரு கேள்வி வரும். அங்கிட்டு குளிர் எப்படி, பிள்ளை எந்திரிச்சுருச்சா, மாப்பிள்ளைக்கு இருமல் தேவலையா. ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

பெரும்பாலும் நான் அவசரப்பட்டேன். இனியா ஒரு காலில் பூட்ஸோடு நின்றுகொண்டு மற்றதைத் தூக்கி எறிந்திருப்பாள். பாலர் பள்ளிக் கதவு குறித்த நேரத்தில் சாத்தப்படும். தாமதமாகப் போனால் அங்கிருக்கும் ஆசிரியை கடிகாரத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் காலை முழுவதும் ஓடிக்கொண்டிருப்பேன். அப்பா, அப்பறம் பேசுறேன்ப்பா என்றால் போதும். “சரி ஆத்தா, நீ வேலையப் பாரு” என்று உடனே வைத்துவிடுவார். ஒருநாளும் அவர் அதற்கு மேல் இழுத்ததில்லை. அப்பறம் என்று சொன்ன நானும் திரும்பக் கூப்பிட்டதில்லை.

இரண்டு மூன்று நாள் போனை எடுக்கவே முடியாமல் போனது. அவர் எண்ணுக்காகக் காத்திருப்பாரே என்று எனக்கு உறுத்தல். நான் எதையும் இரண்டு தடவை யோசித்துக் கவலைப்படுகிறவள். நான் எடுக்காவிட்டாலும் அவருக்கு எண் தெரிய வேண்டும் என்று யோசித்தேன். நேர்காணலில் காட்டுவதற்கும் ஒரு வேலை ஆயிற்று என்று தோன்றியது. நல்ல மகளாகவும் இருக்கலாம், கெட்டிக்காரியாகவும் இருக்கலாம். அப்படித்தான் அந்தப் பக்கத்தைச் செய்ய உட்கார்ந்தேன்.

3

தினசரி மாற்று விகிதத்தை இலவசமாகத் தரும் சேவைகள் இருக்கின்றன. அங்கிருந்து எண்ணை எடுத்து, நம் பக்கத்தில் போட வேண்டும். வேலை பெரியதல்ல. இனியாவைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, பாத்திரம் கழுவும் இயந்திரம் ஓடும் சத்தத்தில் உட்கார்ந்து எழுதினேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நிரல் எழுதுகிற விரல்கள். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனதற்கு ஒரு காலைப் பொழுதே போனது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதலில் எல்லாரும் செய்வதுபோல் வளைகோடு, பல நாடுகளின் பணம், தேதி வாரியாகப் பட்டியல் என்று அடுக்கினேன். வீடியோ அழைப்பில் அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“இதென்ன ஆத்தா, ஆஸ்பத்திரியில நெஞ்சுக்கு எடுக்குற படம் மாதிரி இருக்கு. ஏறுச்சா எறங்குச்சா, அது போதும் எனக்கு.”

அவர் சொன்னது சரி. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நடுவில் ஒரே எண்ணைப் பெரிதாக வைத்தேன். வளைகோட்டை நேர்காணலுக்காகக் கீழே ஒதுக்கிவிட்டேன். அம்புக்குறிக்கு நிறம் கொடுக்கும்போது ஒரு சங்கடம் வந்தது. யூரோ ஏறினால் எங்களுக்கு லாபம், ஆகவே பச்சை. ஆனால் யூரோ ஏறுகிறது என்றால் நம் ரூபாய் விழுகிறது என்று அர்த்தம். ஊரில் இருப்பவருக்கு ஊர்ப் பணம் விழுகிற நாளைப் பச்சையாகக் காட்டுவதா? அதை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். கடைசியில் பச்சையே இருக்கட்டும் என்று விட்டேன். என் நல்லதும் அவருடைய நல்லதும் ஒரே நிறத்தில் இல்லை என்பது அன்றைக்கு மனதில் பட்டது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

சனி, ஞாயிறில் சந்தை கிடையாது, எண் மாறாது. அப்பாவுக்கு அதில் சம்மதமில்லை. “பஸ்ஸே ஞாயித்துக்கெழம ஓடுது, இதுக்கு என்ன லீவு” என்றார்.

முன்பு ஊருக்குப் போனபோது விட்டுவிட்டு வந்த பழைய டேப்லெட் ஒன்று வீட்டில் இருந்தது. தம்பி குமார் திருச்சியிலிருந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை டிவி ஸ்டாண்டில் சாய்த்து வைத்து, சார்ஜரைச் செருகி, திரை அணையாதபடி செய்துகொடுத்தான். அப்பாவுக்குத் தொட்டுப் புதுப்பிக்கத் தெரியாது என்று, பக்கம் தானாகவே அவ்வப்போது புதிதாகும்படி நான் எழுதினேன். அது ஒவ்வொரு தடவை புதிதாகும்போதும் என் பக்கத்தில் அந்தப் புள்ளி பச்சையாகும்.

புள்ளியை அப்பா கேட்கவில்லை. அது எனக்காக நான் வைத்துக்கொண்டது. டேப்லெட் ஓடுகிறதா, வைஃபை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். ஆனால் மனசு அதை வேறு விதமாகப் படிக்க ஆரம்பித்தது. சமையலறையில் மடிக்கணினியைத் திறந்தே வைத்திருப்பேன். பச்சையாக இருந்தால் அப்பா நன்றாக இருக்கிறார். சாம்பலானால் கரண்ட் போயிருக்கும், வந்துவிடும்.

இனியாவுக்கும் அது பழகிவிட்டது. தாயைப் பெற்றவரையும் தகப்பனைப் பெற்றவரையும் எங்கள் பக்கம் அய்யா என்றே கூப்பிடுவோம். அவள் புள்ளியைத் தொட்டு, அய்யா இருக்கார் என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவாள். தமிழில் சொல்லு என்று திருத்துவேன். அந்தப் புள்ளி அய்யா இல்லை என்று ஒரு தடவையும் திருத்தவில்லை.

4

காலை போன் நின்றது ஒரே நாளில் இல்லை. முதலில், பார்த்துவிட்டேன் என்று சொல்வதற்காகக் கூப்பிட்டார். பிறகு, வெள்ளிக்கிழமை எண்ணே மாறாமல் நிற்கும் திங்கட்கிழமை காலையில் மட்டும். பிறகு அதுவும் இல்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இனியாவுக்கு இரண்டு பக்கமும் பின்னல் போடுகிற அளவுக்கு நேரம் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு வீடியோவில் பேசுவேன். பின்னால் நாற்காலியிலிருந்து அப்பா கையை ஆட்டுவார். ஏறியிருக்கு ஆத்தா என்பார். அதற்குமேல் அவரும் கேட்க மாட்டார், நானும் சொல்ல மாட்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலி காலியாக இருந்தது. அப்பா வீடு கட்டுகிற இடத்துக்குப் போயிருக்கிறார் என்றாள் அம்மா. அடுத்த வாரம் விராலிமலையில் ஒரு கல்யாணம் என்றாள். அதற்கடுத்த வாரம் படுத்திருக்கிறார், எழுப்ப வேண்டாம் என்றாள். வீடியோ வேண்டாம், கண் கூசுகிறது, சும்மா பேசு என்றாள். நான் எதையும் சந்தேகிக்கிறவள். பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பவள். அம்மா சொன்ன எதையும் சந்தேகிக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே மூலையைப் பார்த்தேன். பச்சையாக இருந்தது.

அது நானே எழுதிய நிரல். அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

ஒரு வார நாளில் புள்ளி காலையிலிருந்தே சாம்பலாக இருந்தது. மதியமாகியும் மாறவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். எதிரொலி எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்பது மாதிரி இல்லை. பராமரிப்புக்காக ஊர் முழுக்கக் கரண்ட் நிறுத்தியிருக்கிறார்களாம், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்றாள். சொன்னாரா? வீட்டில் இருப்பவளுக்குக் கரண்ட் போனதைப் பக்கத்து வீட்டுக்காரர் ஏன் சொல்ல வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவளுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் அதட்டலாகக் கேட்டது. “நாலாம் பெட்டுக்குக் கூட இருக்கவங்க யாரும்மா? இங்கிட்டு வாங்க.”

அம்மா போனைக் கையால் மூடினாள். மூடியும் கேட்டது. தோ வாரேன் என்று ஓடினாள்.

திரும்ப அழைத்தது குமார். அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு போய்விட்டது. முதல் தடவை நாற்காலி காலியாக இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே.

“அம்மாதான் சொல்ல வேணாம்னுச்சுக்கா. பாஷை தெரியாத ஊருல பச்சப்பிள்ளைய வச்சுக்கிட்டு ஒத்தையில கெடந்து அழுவா, நல்லானதும் சொல்லிக்கலாம்னு.”

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நல்ல சேதி அன்றைக்கே வரும், கெட்ட சேதி ஆறிய பிறகுதான் வரும். இது எங்கள் வீட்டில் மட்டும் உள்ள பழக்கமில்லை. இதைப் படிக்கிற உங்களில் பலர் செய்திருப்பீர்கள். செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் செய்யாதீர்கள்.

5

உடனே கிளம்ப முடியவில்லை. எங்கள் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தோம். கையில் இருந்தது ஒரு தற்காலிகத் தாள். அதை வைத்துக்கொண்டு போகலாம், ஆனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இனியா இங்கே, நான் அங்கே என்று மாட்டிக்கொண்டால்? அவளை அழைத்துப்போவதென்றால் அவள் தாளுக்கும் அதே கதை. காலையில் போய் வெளிநாட்டவர் அலுவலக வாசலில் நின்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வயதான அலுவலர். அவசரம் என்ன என்று கேட்டார். பக்கவாதத்துக்கு ஜெர்மனில் உள்ள சொல், அடி என்று பொருள்படத் தொடங்குவது, வீட்டில் மனப்பாடமாக இருந்தது. அங்கே வரவில்லை. என் அப்பாவை அடித்துவிட்டார்கள் என்ற பொருள் வரும்படி ஏதோ சொல்லிவிட்டேன். யார் அடித்தது, போலீஸில் சொன்னீர்களா என்று அவர் கேட்டார். நான் வலது கையைத் தொங்கவிட்டு, வாயை ஒரு பக்கம் கோணிக் காட்டினேன். என் அப்பாவின் முகத்தை நான் பார்ப்பதற்கு முன்பே, ஓர் அந்நியருக்கு அதை நடித்துக் காட்டினேன்.

அவர் தாளில் முத்திரை வைத்து, இதோடு போய்வரலாம் என்று மெதுவாக இரண்டு தடவை சொன்னார். இனியாவை அவள் அப்பா பார்த்துக்கொள்வதாக முடிவாயிற்று. வாசலில் அவள் அழவில்லை. அய்யாவுக்குத் தன் சார்பில் ஒரு முத்தம் கொடுக்கச் சொன்னாள், ஜெர்மனில்தான். அன்றைக்கு நான் திருத்தவில்லை.

திருச்சி விமான நிலையத்திலிருந்து நேராகப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு. நான் போய்ச் சேர்ந்த மறுநாள் அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி வீட்டில் வைத்து மருந்தும் பயிற்சியும்தான். பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். என்னைப் பார்த்ததும் அப்பா அழுதார். பிறகு என் பின்னால் வாசலைப் பார்த்தார். பிள்ளை வரவில்லை என்றதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

டிவி ஸ்டாண்டில் டேப்லெட் அப்படியே சாய்ந்திருந்தது. எண் அன்றைய எண்தான். யாரும் பார்க்காமல் அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது.

அம்மா அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது அவளிடம் சண்டை போட்டேன். எப்படி மறைக்கலாம், நான் என்ன அந்நியமா என்று. அம்மா ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

“சொல்லியிருக்கணுந்தான். நீ மட்டும் கேட்டியா? ரேட்டப் பாக்க ஒன்னு செஞ்சு குடுத்துட்ட. அதுக்கப்பறம் அப்பா என்ன செய்றாகன்னு ஒருநா ஒனக்குக் கேக்கத் தோணுச்சா?”

அதற்காகத்தானே செய்தேன், அவர் தினமும் எனக்காகக் காத்திருக்க வேண்டாமென்று, என்றேன்.

“ஏண்டி, மாசத்துக்கு ஒருதரம் அனுப்புற காசுக்குத் தெனத்துக்கும் எதுக்கு ரேட்டு? படிச்சவதானே நீயி? பொண்ணக் குடுத்த எடத்துக்குச் சும்மா சும்மா போன் அடிச்சா மாப்ள என்ன நெனப்பாருன்னு அவுகளுக்கு ஒரு கூச்சம். ரேட்டுக் கேக்குறம்னா அதுல ஒரு காரியம் இருக்குல்ல. அத வச்சுத்தான் ஒங்கிட்டப் பேசிக்கிட்டிருந்தாக.”

கஞ்சியை என் கையில் கொடுத்துவிட்டு, ஆறிப்போச்சு, குடு என்று எழுந்து போனாள்.

மகள் வீட்டில் கை நனைக்கவே யோசிக்கிற அப்பாக்களின் மாவட்டம் எங்களுடையது. எனக்கு அது தெரியாதா? என் கல்யாணத்துக்குப் பிறகு அப்பா சென்னையில் எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் ஏதாவது ஒரு வேலையைச் சொல்லிக்கொண்டுதானே வந்தார்? பென்ஷன் விஷயம், கண் டாக்டர், யாருக்கோ பத்திரிகை. போனுக்கும் அதே வழக்கம்தான் என்பதை மட்டும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. அவருக்கு வேண்டியதைக் கேட்டுக் கேட்டு, எழுத்தின் அளவு வரை சரிசெய்து கொடுத்தேன். வேண்டாம் என்று அவர் எப்படிச் சொல்லியிருப்பார்?

6

இப்போது தினமும் நானே கூப்பிடுகிறேன். அம்மா போனை அப்பாவின் முன்னால் பிடிப்பாள். நான் பேசுவேன். தோசை கருகியது, பக்கத்து வீட்டு நாய், இனியா பள்ளியில் யாரையோ கடித்து வைத்தது. அப்பா சில நாள் என்னைப் பார்ப்பார், சில நாள் போனின் விளிம்பைப் பார்ப்பார். ஒரு சத்தம் வரும். அது கேள்வியா, சிரிப்பா, வலியா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. இனியா வந்து கையாட்டுவாள். பதில் வராததால் போய்விடுவாள். அவளை இழுத்துப் பிடித்து நிறுத்துவதா விடுவதா என்று ஒவ்வொரு நாளும் யோசிக்கிறேன். டேப்லெட்டை அம்மா சுவிட்சிலிருந்து பிடுங்கிவிட்டாள். புள்ளியின் நிரலை நான் இன்னும் எடுக்கவில்லை. எடுத்துவிட்டு நேர்காணலுக்குப் போயிருக்க வேண்டும்.

நான் ஊரிலிருந்து கிளம்பிய காலையைச் சொல்லி முடிக்கிறேன். அன்று நடந்ததற்கு என்ன அர்த்தம் என்பதைத்தான் இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

விடுமுறை தீர்ந்துவிட்டது என் கணவருக்கு. இனியாவுக்குக் காய்ச்சல் என்று வேறு முந்தைய நாள் சொன்னார். அப்பாவுக்கோ அப்போதுதான் இடது கையில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் கூட இருந்து பேச்சுப் பயிற்சி கொடுத்தால் நாலு வார்த்தையாவது வரும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. இருந்தால் பிள்ளையை விட்டவள். போனால் அப்பாவை விட்டவள். குமார் பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு வந்து நின்றான்.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன். “அப்பா, நான் இருக்கவா? போகவா? நீங்க சொல்லுங்க, அதுபடி செய்றேன்.”

அவர் வெகுநேரம் என்னைப் பார்த்தார். வாய் அசைந்தது. இடது கை போர்வையிலிருந்து எழுந்து என் முன்கையில் வந்து படிந்தது. பிறகு என்னைத் தள்ளியது. பலமாக இல்லை. சற்று முன்னால் கஞ்சிக் கரண்டியைப் போதும் என்று தள்ளினாரே, ஏறக்குறைய அதே மாதிரி. கண்ணை மூடிக்கொண்டார்.

“பிள்ளை தேடும், போயிட்டு வான்னு சொல்றாக” என்றாள் அம்மா, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

குமார் என் காதருகே குனிந்து சொன்னான். “அந்தக் கை இப்பிடித்தான்க்கா, சும்மாவே தள்ளும். போர்வையையும் தள்ளும். அதுல ஒன்னும் இல்ல.”

நான் இருவரையும் பார்த்தேன். அப்பா கண்ணைத் திறக்கவில்லை. வெளியே டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்தார்.

அம்மா சொன்னதையே எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.